காரணம் எழுதும் கட்டம்

தன்ஷிகாவுக்கு வாய் அதிகம் என்று ஏரிப்பாளையம் அரசு மருத்துவமனையில் ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுப்பதில்லை. அவளுக்குச் சம்பளமே அந்த வாய்க்குத்தான்.

மூன்றாவது மாடியில் பேழை வார்டு. அங்கே இருபத்தேழு கண்ணாடிப் பேழைகள், ஒவ்வொன்றிலும் வெதுவெதுப்பான நீரில் ஒரு சிசு. வேண்டாம் என்று வந்த கருவை இனிமேல் கலைக்கக் கூடாது, எடுத்துப் பேழையில் வைத்து வளர்க்க வேண்டும் என்று சட்டம் வந்து எட்டு வருடம் ஆகிறது. ஊட்டம், மூச்சு, சூடு எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பேச்சு மட்டும் அதற்கு வராது. முதல் வருடம் பதிவு செய்த குரலைப் போட்டுப் பார்த்தார்கள். குழந்தைகள் ஏமாறவில்லை. வெளியே வந்த பிறகு எந்தச் சத்தத்துக்கும் தலையைத் திருப்பாமல் கிடந்தன. அதனால்தான் ஆள் வைத்துப் பேச வேண்டும் என்றானது. அதற்குப் பேச்சு டியூட்டி என்று பெயர். ஒரு பேழைக்குக் கால் மணி நேரம்.

தன்ஷிகா மற்ற ஆயாக்களைப் போலத் தாலாட்டு, நல்லொழுக்கக் கதை என்றெல்லாம் மெனக்கெடுவதில்லை. வந்த பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொல்வாள். நாத்தனார் போனில் என்ன பேசினாள், அதற்கு இவள் என்ன கொடுத்தாள் என்று சொல்வாள். பதினேழாம் பேழைக்கு நாத்தனார் கதை என்றால் உயிர். அந்தப் பெயரை எடுத்தாலே உள்ளே காலை உதைக்கும்.

இந்த வார்டு வரக் காரணமான குடைக் கட்சிக்குத்தான் அவள் இரண்டு தேர்தலிலும் ஓட்டுப் போட்டாள். யாரும் சொல்லிப் போடவில்லை. உயிர் என்றால் உயிர்தான், அதில் பெரிதென்ன சின்னதென்ன என்பது அவள் கட்சி. தெருவில் நாய்க்குட்டி கத்தினாலும் தூக்கிக்கொண்டு வருகிறவள்.

போன ஆடி மாதம் அந்த நம்பிக்கையில் ஓர் அடி விழுந்தது. பேழை திறந்து அறுபது நாளுக்குள் யாரும் எடுத்துக்கொள்ளாத குழந்தை அரசுக் காப்பகத்துக்குப் போய்விடும். துணைக்குப் போகிற ஆயாவுக்குக் காய்ச்சல் என்று, அன்றைக்கு வண்டியில் தன்ஷிகாவை ஏற்றிவிட்டார்கள். காப்பக வாசலில் ஆறு வயதுப் பையன் ஒருவன் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். "உன் பேரென்னடா கண்ணு?" என்று கேட்டாள். "பேழை ஒன்பது" என்றான் அவன்.

ஆறு வருடம் முன்னால் ஒன்பதாம் பேழைக்குப் பேசியவள் இவள்தான். அவன் இவள் குரலைக் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்தான், ஏன் நிமிர்ந்தோம் என்று தெரியாமல் மறுபடி குனிந்துகொண்டான். இனிஷியல் இல்லாததால் வெளிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியவில்லை என்று காப்பகத்து அம்மா சொன்னார். இணையச் சேர்க்கைப் பக்கத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம். திரும்பி வரும் வழியெல்லாம் தன்ஷிகா அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் போகவே இல்லை.

இந்தப் பங்குனியில் பதினேழாம் பேழை திறந்தது. பெண் குழந்தை. வெளியே வந்த முதல் நாளே தன்ஷிகாவின் குரலுக்குத் தலையைத் திருப்பியது. அவளே எடுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் வார்டு ஊழியர் யாரும் பேழைக் குழந்தைக்குக் காப்பாளர் ஆகக் கூடாது என்று விதி. குழந்தை வியாபாரம் நடந்துவிடுமாம்.

அறுபது நாள். அதற்குள் ஓர் ஆள் வேண்டும். நடுவில் தேர்தலும் வந்தது.

தேர்தல் என்றால் வேட்பாளர்கள் வருவார்கள். மண்வெட்டிக் கட்சியின் ஓவியா முதலில் வந்தார். வக்கீல், தெளிவான பேச்சு. மருத்துவமனை வாசலில் ஊழியர்களிடம் ஓட்டுக் கேட்டார்.

"அம்மா, நீங்க ஜெயிச்சா இந்தப் பேழைங்கள என்ன பண்ணுவீங்க?" என்றாள் தன்ஷிகா.

"சட்டத்தையே எடுத்துடுவோம். பொண்ணுங்கள இப்படி வதைக்கிற சட்டம் ஊர்ல வேற இல்ல. விட்டுட்டுப் போறவ காரணத்தத் தன் கையால எழுதி, குழந்தை முன்னாடி வாய்விட்டுப் படிக்கணுமாம். இது என்ன நியாயம்?"

"அதுல நான் உங்க கட்சிங்க. அவங்க படிக்கறப்போ பக்கத்துல நிக்கறவ நான்தான். ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. நான் கேட்டது, இப்ப உள்ளாற இருக்கற இருபத்தாறு பேழையும் என்னாகும்னு."

ஓவியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்கு ஒரு குழு போடுவோம்."

"குழு வர்ற வரைக்கும் சுவிட்ச் போட்டிருக்குமா, அணைச்சிருக்குமா?"

"அதெல்லாம் குழு முடிவு பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கும்பிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் குடைக் கட்சி வேட்பாளர் கிருத்திக் வந்தார். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் வைத்த பெயர் அது. இப்போது ஐம்பத்திரண்டு வயதில், நரைத்த மீசையோடு, "கிருத்திக் அண்ணன் வாழ்க" என்று தொண்டர்கள் கத்தும்போது கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும். "ஓர் உயிரைக்கூட விடமாட்டோம்" என்பது அவருடைய சுவரொட்டி வாசகம்.

"விடாம எங்கண்ணா வெப்பீங்க?" என்று கேட்டாள் தன்ஷிகா. "பொறந்ததுக்கு அப்புறம் எங்க வெப்பீங்க?"

"நல்ல கேள்வி. தம்பி, அம்மாகிட்ட நம்பர் வாங்கிக்கோ" என்றார் அவர். தம்பி நம்பர் வாங்கிக்கொண்டான். யாரும் கூப்பிடவில்லை.

அன்று மதியம் பதிவறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே பொரிந்து தள்ளினாள். "ஒருத்தருக்கு வயித்துல இருக்கற வரைக்குந்தான் உயிரு. இன்னொருத்தருக்கு அப்பக்கூட அது உயிரில்ல. பொறந்து மொளச்சு நிக்கறதப் பத்தி ரெண்டு பேருக்கும் வாயே வரமாட்டேங்குது. யாருக்குய்யா நான் போடறது?"

பதிவு எழுத்தர் சுதர்சன் சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ஆள். "அக்கா, இந்தச் சட்டத்துல ஒரு வேடிக்கை இருக்கு, பாத்திருக்கீங்களா? முப்பத்தெட்டாம் பக்கம்" என்றார்.

"நான் எங்க பாத்தேன்."

"பேழைக் குழந்தைக்கு யாராவது நாலு பேர் முன்னாடி பேர் சொல்லி, தன் பேர இனிஷியலாவும் கொடுத்துட்டா, அவங்கதான் காப்பாளர். ரெண்டு சாட்சி, ஒரு அரசு ஊழியர் இருந்தாப் போதும். ஜனங்க சுலபமா எடுத்துக்கட்டும்னு அவசரத்துல எழுதினது. எட்டு வருசத்துல இந்த வழியா ஒருத்தர் வரல. எனக்கே அந்தப் பக்கம் மறந்துபோச்சு."

"அப்புறம் வேண்டாம்னா?"

"பதினஞ்சு நாளைக்குள்ள வந்து ரத்து பண்ணலாம். விட்டுட்டுப் போற தாய்ங்க எழுதற அதே படிவந்தான். காரணம் எழுதற கட்டம் இருக்குல்ல, அத நிரப்பிக் குழந்தை முன்னாடி படிக்கணும். தாயின்னா பேர் போடமாட்டோம். காப்பாளர்னா பேரோட மூணு நாள் வாசல்ல ஒட்டுவோம்."

தன்ஷிகா டப்பாவை மூடினாள். குழந்தைக்கு அன்று நாற்பத்தோராவது நாள். வாக்குப்பதிவு ஐம்பத்தெட்டாவது நாளில். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ரத்து செய்யும் கெடு ஐம்பத்தாறோடு முடியும்.

"சாயங்காலம் கிருத்திக் அண்ணன் வண்டி இந்தப் பக்கமாத்தான திரும்பி வரும்?" என்றாள்.

சுதர்சனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் தயிர்சாதம் புரையேறியது.

குழந்தைக்கு வெயில் காட்ட அரை மணி நேரம் வெளியே தூக்கிப் போகலாம் என்பது வார்டு வழக்கம். நாலரை மணிக்குப் பதினேழாம் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிரசார வண்டி மெதுவாக வந்தது. எதிரே ஆரத்தித் தட்டோடு பெண்கள், மேலே கையெடுத்துக் கும்பிட்டபடி கிருத்திக்.

தேர்தல் நேரத்தில் வண்டியை மறித்துக் குழந்தையை நீட்டிப் பெயர் வைக்கச் சொல்வது நம்மூரில் எத்தனையோ காலமாக நடக்கிறது. வேட்பாளருக்கும் அது பிடிக்கும், படம் எடுப்பவர்களுக்கும் பிடிக்கும். தன்ஷிகா நீட்டியதும் கிருத்திக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிள்ளை பெற்றவர் என்பதால் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்திருந்தது. "வெற்றிச்செல்வி!" என்று மைக்கில் சொன்னார். விசில் பறந்தது.

"இனிஷியலுங்கண்ணா?" என்று கத்தினாள்.

"அப்பா பேர் என்னம்மா?"

"அப்பா இல்லீங்கண்ணா. நம்ம பேழைக் குழந்த."

கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை வீணாக்க எந்த வேட்பாளருக்கும் மனசு வராது. கிருத்திக் குழந்தையை உயர்த்திப் பிடித்தார். குரல் தழுதழுத்தது. "யார் சொன்னது அப்பா இல்லைன்னு? என் பேரையே இனிஷியலா வெச்சுக்க! கி. வெற்றிச்செல்வி! இவ என் பொண்ணு!"

தெருவே அதிர்ந்தது. குடைக் கட்சியின் நகரச் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஈரம் காய்வதற்குள் சுதர்சன் ஒரு தாளை நீட்டி அவரிடம் கையெழுத்து வாங்கினார். பக்கத்தில் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் இரண்டாவது சாட்சி. அரசு ஊழியர் என்ற இடத்தில் தன்ஷிகா போட்டாள்.

மறுநாள் காலை, அவர்தான் காப்பாளர் என்று கிருத்திக்கின் வீட்டுக்குப் பதிவுத் தபால் போனது. அதற்குப் பிறகு மருத்துவமனையில் போன் ஓயவில்லை. தலைமை மருத்துவர் தன்ஷிகாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். வேலையை விட்டே தூக்கிவிடுவதாகச் சொன்னார்.

"தூக்குங்க சார். எதுக்குத் தூக்கறோம்னு எழுதிக் கொடுத்துட்டுத் தூக்குங்க. அண்ணன் பேர் வெச்சதுக்குன்னே எழுதுங்க."

அவர் எழுதவில்லை. தேர்தல் முடியட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். மீதி இருபத்தாறு பேழைகளுக்கும் அன்று நாத்தனார் கதை கிடையாது, இந்தக் கதைதான்.

நாட்கள் ஓடின. கிருத்திக்கின் ஆட்கள் இரண்டு முறை வந்து படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேறு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, அவரே வர வேண்டும் என்றார் சுதர்சன். கடைசியில் ஐம்பத்தாறாவது நாள், மூன்று மணிக்கு, கிருத்திக் தனியாக மாடியேறி வந்தார். கெடு ஐந்து மணிக்கு.

"ஏம்மா, திட்டம் போட்டுத்தான பண்ணின?"

"ஆமாங்கண்ணா."

மறுப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவர் கொஞ்சம் தடுமாறினார். "எவன் சொல்லிக் கொடுத்தான்?"

"உங்க சட்டந்தான். முப்பத்தெட்டாம் பக்கம்."

"எம்மேல உனக்கு என்ன கோவம்?"

"ரெண்டு தடவ உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அந்தக் கோவம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடை இல்லாதபோது அவர் சாதாரண மனிதர், களைத்திருந்தார். "ரெண்டு பசங்களும் வெளிநாட்டுல இருக்காங்க. வீட்ல அவளுக்கு முட்டிவலி, மாடி ஏற முடியல. இந்த வயசுல கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது, சொல்லு."

"நியாயமான காரணந்தான். எழுதுங்க" என்று படிவத்தையும் பேனாவையும் நகர்த்தி வைத்தாள்.

"முட்டிவலின்னு எழுதி வாசல்ல ஒட்டினா ஊரே சிரிக்காதா?"

"மத்தவங்க எழுதினதுக்கு யாரும் சிரிக்கலீங்களே."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க? ஒண்ணு ரெண்டு காட்டு. ஒரு மாதிரிக்கு."

தன்ஷிகா அலமாரியிலிருந்து பழைய படிவக் கட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். பெயர்கள் மறைக்கப்பட்ட எட்டு வருடத்துத் தாள்கள். அவர் நடுவிலிருந்து ஒன்றை உருவினார்.

"வீட்டுக்காரர் வேலைக்கென்று போனவர் வரவில்லை. போன் எடுப்பதில்லை."

இன்னொன்று. "இதுவும் பெண் என்றால் மாமியார் வீட்டுக்குள் விடமாட்டார்."

"மூத்த பையனுக்கு நடக்க வராது. இரண்டு பேரைத் தூக்க எனக்குத் தெம்பில்லை."

"கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவான்."

ஒரு தாளில், "தயவுசெய்து கேட்காதீர்கள்" என்று மட்டும் இருந்தது. அதில் மை கரைந்திருந்தது.

காப்பி அடிக்க ஆரம்பித்தவர் படிக்க ஆரம்பித்துவிட்டார். தன்ஷிகா வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது அன்றுதான்.

"இத எல்லாம் வாய்விட்டுப் படிச்சாங்களா?" என்றார் ஒரு கட்டத்தில்.

"படிச்சாங்க. படிக்கலேன்னா படிவம் செல்லாது. சட்டத்துல அப்படித்தான இருக்கு? சபையில கைதட்டி நிறைவேத்தினீங்களே, டிவில பாத்தேன்."

மணி நாலே முக்கால். கிருத்திக் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி வைத்தார். தன் படிவத்தை இழுத்தார். காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல் எழுதினார்.

"சும்மா சொன்னது."

தன்ஷிகா அதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் பொய்யாக ஒன்றும் எழுதவில்லையே என்று ஒரு மரியாதையும் வந்தது. உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றாள். "படிங்கண்ணா. மொகத்தப் பாத்துப் படிக்கணும்."

அவர் எழுந்து நின்றார். தாளைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். மைக்கில் கேட்ட குரல் என்றோ, என்னவோ, அந்தச் செருமலுக்கே குழந்தை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. பேச்சு கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தது.

"கொஞ்சம் தண்ணி கொடும்மா" என்றார் கிருத்திக். வாங்கிக் குடித்தார். தாளை மேசைமேல் வைத்துவிட்டு, படிக்காமலே படியிறங்கிப் போனார். ரத்து ஆகவில்லை என்று ஐந்து மணிக்குச் சுதர்சன் கோப்பில் முத்திரை குத்தினார்.

விஷயம் எப்படியோ கசிந்து, மறுநாள் காலையில் ஓவியா போன் செய்தார். குரலில் உற்சாகம். "தன்ஷிகா, அந்தக் காகிதம் உங்ககிட்ட இருக்காமே? அவர் கையெழுத்துலயே? கொடுங்க. ராத்திரிக்குள்ள ஊர் பூரா போய்ச் சேந்துடும்."

"கொடுக்கறேங்கம்மா. அடுத்த வாரம் பதினெட்டு திறக்குது. உங்க பேர இனிஷியலாத் தர்றீங்களா?"

"அது வேற விஷயம்மா."

"அப்ப இதுவும் வேற விஷயந்தாங்க" என்று வைத்துவிட்டாள்.

ஐம்பத்தெட்டாவது நாள் ஓட்டுப்போடப் போனாள். வரிசையில் நின்று, பட்டியலில் பெயர் சரிபார்த்து, விரலில் மை வைத்துக்கொண்டு, பதிவேட்டில் கையெழுத்தும் போட்ட பிறகு அதிகாரியிடம் நின்றாள். "சார், நான் ஓட்டுப் போடல. நாப்பத்தொம்பது ஓ விதிப்படி எழுதிக்கங்க."

"எதுக்கும்மா சிரமம்? யாருமே வேண்டாம்னு மெஷின்லயே கடைசிப் பொத்தான் இருக்கே. உள்ள போய் அமுக்கிட்டுப் போயிடுங்க."

"அந்தப் பொத்தான்ல காரணம் எழுத எடமில்லீங்க."

"இதுலயும் காரணம் தேவையில்ல. வாக்களிக்க மறுத்தார்னு குறிப்பு எழுதுவேன், நீங்க கையெழுத்துப் போடுவீங்க. அவ்வளவுதான்."

"வயித்துப் புள்ளைய விட்டுட்டுப் போறவளையே காரணம் எழுத வெச்சிருக்காங்க சார். நான் இந்த ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போறேன். எழுதாமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பேனாவை எடுத்தார். வாக்களிக்க மறுத்தார் என்று எழுதிவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

"சும்மா சொல்கிறார்கள்" என்றாள் தன்ஷிகா. அவர் எழுதினார். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அறுபதாவது நாள் காலை காப்பகத்து வண்டி வாசலில் வந்து நின்றது. எந்தக் குழந்தையாவது இருக்கிறதா என்று டிரைவர் கேட்டார். தன்ஷிகா மாடி ஜன்னலில் நின்று சாலையைப் பார்த்தாள். கெடு முடிந்தபின் காப்பாளர் வராமல் போனால் அவர்மேல் வழக்குதான். ஆனால் வழக்குப் போட்டால் ஜெயிலுக்கு ஆள் கிடைக்கும், குழந்தைக்கு யார் கிடைப்பார்கள்?

பத்தே காலுக்குக் கொடி இல்லாத ஒரு கார் வந்தது. கிருத்திக் இறங்கினார். அவர் மனைவி ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, முட்டியைத் திட்டிக்கொண்டே மூன்று மாடியும் ஏறி வந்தார். ஓட்டு எண்ண இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஜெயிப்பாரா தோற்பாரா என்று யாருக்கும் தெரியாது.

அந்த அம்மா குழந்தையை வாங்கி, துணியை விலக்கிக் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பால் எத்தன மணிக்கு?" என்றார்.

"மூணு மணிக்கொரு தடவ. தூங்க வெக்கப் பாட்டெல்லாம் வேண்டாங்க. யார்மேலயாவது கோவம் இருந்தா அதச் சொல்லுங்க, கேட்டுட்டே தூங்கிடும்."

"அதுக்கு ஆள் இருக்கு" என்று அந்த அம்மா கணவரைப் பார்த்தார்.

கிருத்திக் கடைசிக் கையெழுத்தைப் போட்டார். எழுந்தவர் போகாமல் நின்றார். "ஒண்ணு கேக்கணும். இந்தத் தடவ எனக்கு ஓட்டுப் போட்டியா?"

"இல்லீங்கண்ணா. காரணம் எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தன்ஷிகா குழந்தையின் துணிமூட்டையை அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு படி இறங்கியிருப்பார்.

"அண்ணா!"

திரும்பினார்.

"வர்ற வெள்ளிக்கெழம பதினெட்டாம் பேழை திறக்குது. பையன். பேர் வெக்க உங்க கட்சியில யாராச்சும் வருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. தம்பிகிட்ட என் நம்பர் இருக்கு."